காசநோயை ஒழிப்போம் என்று உலக நாடுகள் கொடுத்த வாக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்ச் 24 உலகக் காசநோய் நாள். 1882இல் அந்தத் தேதியில்தான் ராபர்ட் கோக் இந்த நோயின் கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக பெர்லினில் அறிவித்தார். ஆண்டுதோறும் அந்த வாரத்தில் கல்லூரி, சங்கம், நூலகம் என்று எங்காவது பேசக் கூப்பிடுவார்கள். பேச்சு முடிந்ததும் இருமல், எக்ஸ்ரே, மாத்திரை பற்றிக் கேள்விகள் வரும். அதற்கு அடுத்தபடியாக, "ஐ.நா.வில் எல்லா நாடும் சேர்ந்து ஏதோ சொன்னாங்களே, அது என்ன ஆச்சு?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். அப்படிக் கேட்டவர்களுக்குச் சொன்னவற்றைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

உண்மையில் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்?

ஒன்றல்ல, பல. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது 2014 மே மாதம் ஜெனீவாவில், உலக சுகாதார அமைப்பின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட திட்டம். 2015ஆம் ஆண்டை அளவுகோலாக வைத்து, 2035க்குள் காசநோய் இறப்புகளை 95 சதவீதமும் புதிதாக நோய் வரும் விகிதத்தை 90 சதவீதமும் குறைக்க வேண்டும் என்று அது சொன்னது. இன்னொரு நிபந்தனையும் அதில் உண்டு. இந்த நோயால் எந்தக் குடும்பமும் கடனில் மூழ்கக் கூடாது. வைத்தியச் செலவும் கூலி இழப்பும் சேர்ந்து ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் 20 சதவீதத்தைத் தாண்டினால், அந்தக் குடும்பம் மூழ்கிவிட்டதாகக் கணக்கு.

2015இல் ஐ.நா. அறிவித்த நீடித்த வளர்ச்சி இலக்குகளில் காசநோய்ப் பரவலை 2030க்குள் முடிவுக்குக் கொண்டுவருவதும் சேர்ந்தது. பிறகு 2018, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நியூயார்க்கில் காசநோய்க்கென்றே ஐ.நா. உயர்மட்டக் கூட்டம் நடந்தது. இரண்டு முறையும் ஓர் அரசியல் பிரகடனம் வெளியானது.

இதுவரை எவ்வளவு ஆகியிருக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2025க்குள் இறப்பு 75 சதவீதமும் நோய் விகிதம் 50 சதவீதமும் குறைந்திருக்க வேண்டும். உலக சுகாதார அமைப்பின் கணக்கில், 2024 முடிய இறப்பு 29 சதவீதமும் நோய் விகிதம் 12 சதவீதமும்தான் குறைந்திருக்கின்றன. அந்த ஓராண்டில் மட்டும் 1 கோடியே 7 லட்சம் பேருக்கு நோய் வந்தது, 12 லட்சத்து 30 ஆயிரம் பேர் இறந்தார்கள். எல்லா இடத்திலும் இதே கதை இல்லை. ஐரோப்பிய வட்டாரத்தில் நோய் விகிதம் 39 சதவீதமும் ஆப்பிரிக்காவில் 28 சதவீதமும் இறங்கியிருக்கின்றன. ஏழை நாடுகளால் முடியாது என்று யாராவது ஆரம்பித்தால் நான் அந்த ஆப்பிரிக்க எண்ணைத்தான் எடுத்துப் போடுவேன்.

"ஒழிப்பு" என்றால் பெரியம்மை மாதிரி அடியோடு இல்லாமல் போவதா?

இல்லை. இந்தச் சொல்லால்தான் பாதிக் குழப்பம். உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் உடலில் இந்தக் கிருமி நுழைந்திருக்கிறது. அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது அது நோயாக மாறும். மற்றவர்கள் உடம்பில் அது சும்மா உறங்கிக் கிடக்கும். இத்தனை கோடிப் பேரிடம் தூங்கும் ஒரு கிருமியைப் பெரியம்மையைத் துடைத்தது போல இருபது ஆண்டில் துடைக்க முடியாது. ஆண்டுக்கு லட்சம் பேரில் பத்துப் பேருக்கும் குறைவாக நோய் வரும் நிலை என்பதே 2035க்கான அளவு. இந்தியாவில் 2024இல் அது லட்சத்துக்கு 187.

2018க்கு முன்னால் யாருமே கண்டுகொள்ளவில்லையா?

கண்டுகொண்டார்கள், தேதியைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். சளியில் கிருமி தெரியும் நோயாளிகளில் 70 சதவீதம் பேரைக் கண்டுபிடிப்போம், அவர்களில் 85 சதவீதம் பேரைக் குணமாக்குவோம், அதுவும் 2000க்குள் என்று 1991இல் உலக சுகாதாரப் பேரவை சொன்னது. 2000 வந்தபோது அந்தக் கெடு 2005க்குப் போனது.

நடுவில் 1993இல் உலக சுகாதார அமைப்பு காசநோயை உலகளாவிய அவசரநிலை என்று அறிவித்தது. அதற்குள் இந்த நோய் ஒழிந்துபோன பழங்கதை என்று பணக்கார நாடுகள் நினைக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. எச்.ஐ.வி.யோடு கைகோத்து அது திரும்பி வந்தது. நியூயார்க் நகரத்திலேயே மருந்துக்கு அடங்காத காசநோய் பரவிய பிறகுதான் அவசரம் என்ற சொல்லே வெளியில் வந்தது. ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் அது என்றைக்குமே அவசரமாகத்தான் இருந்தது என்பதை நாமாகச் சேர்த்துப் படித்துக்கொள்ள வேண்டும்.

2000 மார்ச்சில் நோய்ச்சுமை அதிகமுள்ள 20 நாடுகளின் அமைச்சர்கள் ஆம்ஸ்டர்டாமில் கூடி ஒரு பிரகடனம் செய்தார்கள். அடுத்த ஆண்டு காசநோய்க்கு எதிரான அமைப்புகளின் கூட்டணியான ஸ்டாப் டி.பி. பார்ட்னர்ஷிப், 2002இல் காசநோய் உள்ளிட்ட நோய்களுக்கு நாடுகளிடம் பணம் திரட்டித் தரும் குளோபல் ஃபண்ட். 2017 நவம்பரில் மாஸ்கோவில் அமைச்சர்கள் மாநாடு. அதன் தொடர்ச்சிதான் 2018 செப்டம்பர் 26இல் நடந்த ஐ.நா. கூட்டம். சுகாதார அமைச்சர்களோடு நின்றுகொண்டிருந்த பேச்சு நாட்டுத் தலைவர்கள் வரைக்கும் போனது அப்போதுதான் முதல்முறை.

2018இல் சொன்னதில் எவ்வளவு செய்தார்கள்?

2018 முதல் 2022 வரை ஐந்து ஆண்டில் 4 கோடிப் பேருக்குச் சிகிச்சை என்றார்கள். 3.4 கோடிப் பேருக்குக் கிடைத்தது. நடுவில் கொரோனா வந்ததையும் நினைக்க வேண்டும். 2019இல் 71 லட்சம் பேருக்கு நோய் கண்டறியப்பட்டது, 2020இல் 58 லட்சமாகச் சரிந்தது. நோய் குறைந்ததால் வந்த சரிவில்லை இது. வெளியில் போக வழியில்லாமல் இருமிக்கொண்டு வீட்டிலேயே கிடந்தவர்கள் அவர்கள். இதையெல்லாம் வைத்துப் பார்த்தால் 84 சதவீதம் மோசமில்லை. குழந்தைகளில் 35 லட்சத்துக்கு 25 லட்சம். மருந்துக்கு அடங்காத காசநோயாளிகளில் 15 லட்சத்துக்கு 8 லட்சத்துச் சொச்சம், அதாவது பாதியைக் கொஞ்சம் தாண்டியது.

தடுப்பு மருந்தில்தான் குட்டு வெளிப்படுகிறது. நோய் வரும் முன்பே 3 கோடிப் பேருக்கு மாத்திரை என்றார்கள், 1.55 கோடிப் பேருக்குப் போய்ச் சேர்ந்தது. பாதியாவது ஆயிற்றே என்று விட்டுவிடாமல் உள்ளே பிரித்துப் பாருங்கள். எச்.ஐ.வி. உள்ளவர்களில் 60 லட்சம் இலக்கு, 1.13 கோடிப் பேர் பெற்றார்கள். கிட்டத்தட்ட இரு மடங்கு. நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்களில் 2.4 கோடி இலக்கு, கிடைத்தது 42 லட்சம் பேருக்கு மட்டும். ஐந்து வயதைத் தாண்டியவர்களைத் தனியாக எடுத்தால் இலக்கில் பத்தில் ஒரு பங்குதான் ஆனது.

மாத்திரைதானே, அதைக் கொடுப்பதில் என்ன கஷ்டம்?

எச்.ஐ.வி. உள்ளவர் அதற்கான மருந்து வாங்க மாதாமாதம் ஏ.ஆர்.டி. மையத்துக்கு வருகிறார், அங்கேயே இதையும் கையில் கொடுத்துவிடலாம். வீட்டில் இருப்பவர் எங்கேயும் வருவதில்லை. அவருக்குத்தான் ஒன்றும் இல்லையே.

ஒரு கிராம சுகாதார செவிலியரோடு ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மாமியாருக்குக் காசநோய், சிகிச்சை தொடங்கி இரண்டு வாரம். மகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மருமகளும் நாலு வயதுப் பெண் குழந்தையும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை முடிந்து நோய் இல்லை என்று வந்துவிட்டது. செவிலியர் மாத்திரை அட்டையை எடுத்ததும் மகன், "எனக்கு என்னக்கா? நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றார்.

"இப்ப இல்ல தம்பி. நாளைக்கு வரக்கூடாதுன்னுதான் தர்றேன்."

"அக்கம்பக்கத்துல கேட்டா?"

"கேட்டா சத்து மாத்திரைன்னு சொல்லுங்க. ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போகும், பயந்துட வேணாம்."

வாரம் ஒரு முறை, பன்னிரண்டு வாரம். குழந்தைக்கு மட்டும் தினமும் ஒன்று, ஆறு மாதம். சுவரில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் தொங்கியது. அதில் ஞாயிறுகளை எல்லாம் பேனாவால் வட்டமிட்டார் செவிலியர். மூன்றாவது வட்டத்தைத் தாண்டும்போது மகன், "அந்த வாரம் ஓசூர் லோடு இருக்கு" என்றார். "சட்டைப் பையில போட்டுட்டுப் போங்க" என்று அட்டையிலிருந்து அந்த ஒரு வேளை மருந்தைத் தனியாக வெட்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்.

இப்படி ஒரு வீட்டில் மூன்று பேரை ஒப்புக்கொள்ள வைக்க முக்கால் மணி நேரம் ஆனது. 2.4 கோடி என்று நியூயார்க்கில் எழுதியவர்கள் இந்த முக்கால் மணி நேரத்துக்கு எத்தனை பேரைச் சம்பளம் கொடுத்து வைக்க வேண்டும் என்று எழுதவில்லை. மருந்தில் பெரிய குறையில்லை, அதை வீட்டுக்குக் கொண்டுபோகும் ஆளில்தான் பற்றாக்குறை. உலக வாக்குறுதிகளின் தோல்வி எங்கே என்று கேட்டால் நான் கை காட்டுவது இந்த இடத்தைத்தான்.

சென்னைக்கும் இந்த உலகத் திட்டங்களுக்கும் ஏதோ தொடர்பு உண்டாமே?

உண்டு, பெரிய தொடர்பு. ஒரு காலத்தில் டி.பி. வந்தால் மாதக்கணக்கில் தங்கிச் சிகிச்சை பெறும் சானடோரியம்தான் கதி. தாம்பரத்தில் 1928இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து தொடங்கிய சானடோரியத்தின் பெயரில்தான் இன்றும் அங்கே ரயில் நிலையம் இருக்கிறது. நல்ல காற்று, ஓய்வு, பால், முட்டை. படுக்கை கிடைத்தவர்களுக்கு அது சரி. நாட்டில் இருந்த நோயாளிகளோடு ஒப்பிட்டால் படுக்கைகள் கைவிரல் விட்டு எண்ணும்படிதான் இருந்தன.

1956இல் மெட்ராஸ் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தியது. நகரத்தின் ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு சானடோரியம், மறு பாதிக்குக் குடிசையிலேயே மாத்திரை. இரு தரப்புக்கும் ஒரே மருந்து. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும் குறைவு, நெரிசல் அதிகம். அப்படியிருந்தும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. 1959இல் முடிவு வெளியானது. உலகம் முழுக்க சானடோரியங்களின் தேவை சுருங்கத் தொடங்கியது அதன் பிறகுதான். மருந்தை ஒருவர் கண் முன்னால் விழுங்க வைக்கும் முறை, பிற்காலத்தில் டாட்ஸ் என்று உலகெங்கும் போனது, அதன் வேரும் சேத்துப்பட்டில் இருக்கிறது. அந்த மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

கோடிக்கணக்கான பேருக்குச் சிகிச்சை என்று இன்று ஐ.நா.வில் பேச முடிவதே படுக்கை வேண்டாம், மாத்திரை போதும் என்று இங்கே காட்டியதால்தான்.

அப்படியானால் நல்ல சாப்பாடு தேவையில்லை என்றுதானே அந்த ஆய்வு சொல்கிறது?

அப்படித்தான் நெடுநாள் புரிந்துகொண்டார்கள். மருந்து போதும், சாப்பாடு இரண்டாம்பட்சம் என்ற எண்ணம் வலுப்பட்டுப் போனது. அந்த ஆய்வு சொன்னது, சரியான மருந்து இருந்தால் ஏழைக் குடிசையிலும் குணமாகும் என்பது. பட்டினி நோயை வரவழைக்காது என்று அது எங்கேயும் சொல்லவில்லை.

இதற்கு வலுவான பதில் ஜார்க்கண்டில் கிடைத்தது. 2019 முதல் 2022 வரை 2,800 நோயாளிகளின் வீடுகளில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. எல்லா நோயாளிகளுக்கும் மாதம் பத்து கிலோ மூட்டை, அதில் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய். பாதி வீடுகளில் கூட இருப்பவர்களுக்கும் ஆளுக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு. 2023 ஆகஸ்டில் முடிவு வந்தது. கூட இருப்பவர்களுக்கும் சாப்பாடு கிடைத்த வீடுகளில் அவர்களுக்கு எல்லா வகைக் காசநோயும் சேர்த்து 39 சதவீதமும், தொற்றும் வகை நுரையீரல் காசநோய் 48 சதவீதமும் குறைந்திருந்தன. தடுப்பூசி மாதிரி வேலை செய்தது அரிசியும் பருப்பும்தான். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறிய நோயாளிகளிடம் இறப்பும் வெகுவாகக் குறைந்தது.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் இதே பக்கத்திலிருந்துதான் யோசிக்கிறது. நோய் உறுதியான அன்றே நோயாளியின் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, எதையும் பிடித்துக்கொள்ளாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பதைப் பார்க்கிறார்கள். மோசமாக இருப்பவரை உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். எலும்பும் தோலுமாக வருபவர் முதல் சில வாரங்களிலேயே இறந்துபோவதைத் தடுக்க எடைபோடும் மிஷினும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இவ்வளவு உதவும் என்று பலர் நம்பவில்லை.

கையெழுத்துப் போட்ட நாடு சொன்னபடி செய்யாவிட்டால்?

ஒன்றும் ஆகாது. ஐ.நா. அரசியல் பிரகடனம் சட்டமல்ல, மீறினால் வழக்கும் இல்லை, அபராதமும் இல்லை. ஆனாலும் உபயோகம் இல்லாத காகிதம் என்று நான் சொல்லமாட்டேன். எண்ணோடு எழுதிவிட்டதால் அடுத்த ஆண்டு கணக்குக் கேட்க முடிகிறது. மேலே நான் கொடுத்த 42 லட்சம் என்ற எண்ணே, 2.4 கோடி என்று முன்னால் எழுதியிருந்ததால்தான் நமக்கு உறுத்துகிறது.

2023 பிரகடனத்தில் புதிதாக என்ன?

எண்கள் ஏறின. 2023 முதல் 2027 வரை 4.5 கோடிப் பேருக்குச் சிகிச்சை, அதே 4.5 கோடிப் பேருக்குத் தடுப்பு மருந்து. அதில் 3 கோடி, வீட்டில் உடனிருப்பவர்கள். போன முறை 42 லட்சத்தில் நின்றதை நினைத்தால் எனக்கு இந்த 3 கோடி மேல் கொஞ்சம் சந்தேகம்தான்.

எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. முதல் பரிசோதனையே வேகமான மூலக்கூறு சோதனையாக, அதாவது சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனையாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். மைக்ராஸ்கோப்பில் சளியைப் பார்ப்பது கோக் காலத்து வழி, பல நோயாளிகளைத் தவற விடும், மருந்து கேட்குமா கேட்காதா என்றும் சொல்லாது. மூலக்கூறு சோதனைக் கருவிகளான ஜீன் எக்ஸ்பெர்ட்டும் நம் நாட்டில் உருவான ட்ரூநாட்டும் கிருமி இருக்கிறதா, மருந்து கேட்குமா என்ற இரண்டையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடும். நோயாளிகள் எல்லோருக்கும் சமூகப் பாதுகாப்பு உதவி என்பதும் பிரகடனத்தில் இருக்கிறது. அடுத்த கூட்டம் 2028இல்.

பணம் யார் தருகிறார்கள்?

பெரும்பகுதி அந்தந்த நாட்டு அரசுகளே. ஐந்தில் நான்கு பங்கு உள்நாட்டுப் பணம். ஆனால் இந்தச் சராசரி ஏமாற்றும். இந்தியா, சீனா, பிரேசில் போன்ற பெரிய நாடுகள் தங்கள் கையிலிருந்து போடுவதால் வரும் எண் அது. ஆப்பிரிக்காவின் பல சிறிய நாடுகளில் மருந்து முதல் ஆய்வக ரசாயனம் வரை வெளிப்பணத்தில்தான் ஓடுகிறது.

2018இல் சிகிச்சை, தடுப்புக்காக ஆண்டுக்கு 1,300 கோடி டாலர் என்றார்கள், 2022இல் கிடைத்தது 580 கோடி. 2023இல் அதை 2027க்குள் 2,200 கோடியாக உயர்த்தினார்கள், 2024இல் கிடைத்தது 590 கோடி. வாக்கு ஒன்றரை மடங்குக்கும் மேலானது, பணம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

அதற்கு மேல் 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது, பிறகு அந்த உதவியை வழங்கிவந்த யு.எஸ்.எய்ட் நிறுவனத்தையே மூடியது. காசநோய்க்கான சர்வதேச நன்கொடையில் ஏறத்தாழ பாதி நேரடியாகவோ குளோபல் ஃபண்ட் வழியாகவோ அமெரிக்கப் பணம். குளோபல் ஃபண்ட் 2025 நவம்பரில் ஜொகன்னஸ்பர்க்கில் 1,800 கோடி டாலர் கேட்டது, 1,134 கோடிக்கு உறுதி கிடைத்தது. இந்த நிதி எச்.ஐ.வி., காசநோய், மலேரியா மூன்றுக்கும் பொது. அடிப்படைப் பங்கீட்டில் காசநோய்க்கு வெகுகாலமாக 18 சதவீதம்தான். மற்ற இரண்டும் சேர்ந்து கொல்லும் அளவுக்குக் காசநோய் தனியாகக் கொல்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் இந்தப் பங்கீட்டுக்கு என்ன கணக்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்தியா 2025க்குள் ஒழித்துவிடும் என்று சொன்னதே?

2018 மார்ச்சில் டெல்லியில் நடந்த மாநாட்டில் பிரதமர் அறிவித்தார். 2030 என்ற உலகக் கெடுவுக்கு ஐந்து ஆண்டு முன்னதாக, அதாவது 2015 அளவிலிருந்து நோய் விகிதம் 80 சதவீதம் குறைய வேண்டும். 2024இல் பார்த்தால் லட்சத்துக்கு 237லிருந்து 187க்கு, 21 சதவீதம் குறைந்திருக்கிறது. உலகச் சராசரியான 12ஐ விட நல்ல வேகம். வாக்குக் கொடுத்த 80க்கு மிக மிகத் தொலைவு. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அரசு விளம்பரத்தில் முதல் பாதியும், எதிர்த்துப் பேசும் மேடையில் இரண்டாம் பாதியும் மட்டும் கேட்கின்றன. உலக நோயாளிகளில் நான்கில் ஒருவர் இன்னும் இந்தியர்.

நடந்த நல்லவையும் சின்னவை அல்ல. 2012 முதல் தனியார் மருத்துவரும் ஒவ்வொரு நோயாளியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நம்பத்தகாத ரத்தப் பரிசோதனைகள் அதே ஆண்டு தடை செய்யப்பட்டன. சத்துணவுக்கு என்று 2018இல் மாதம் 500 ரூபாய் தொடங்கி, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயாகியிருக்கிறது.

மருந்து விலையில் இந்த வாக்குறுதிகளால் ஏதாவது பலன் உண்டா?

விலை இறங்கியது உண்மை. இறக்கியது பிரகடனங்கள் என்பதைவிட நோயாளிகள் என்றுதான் சொல்ல வேண்டும். மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு முன்பெல்லாம் ஒன்றரை, இரண்டு ஆண்டு சிகிச்சை, மாதக்கணக்கில் தினமும் ஊசி. அந்த ஊசியால் காது கேட்காமல் போனவர்கள் பலர். பெடாகுயிலின் என்ற மாத்திரை 2012இல் வந்த பிறகுதான் ஊசியில்லாத சிகிச்சை கைகூடியது. அதன் காப்புரிமை ஜான்சன் அண்ட் ஜான்சனிடம் இருந்தது. மூல காப்புரிமை 2023 ஜூலையில் முடியவிருந்தது. அதே மருந்தின் உப்பு வடிவத்துக்கு இன்னொரு காப்புரிமை கேட்டு அதை 2027 வரை நீட்டிக்க நிறுவனம் இந்தியாவில் விண்ணப்பித்திருந்தது.

எதிர்த்து மனுப் போட்டவர்கள் மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா டிசிலேவும். இருவருமே காசநோயிலிருந்து மீண்டவர்கள், இருவருமே பழைய மருந்துகளால் செவித்திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் நிறுவனத்தின் விண்ணப்பத்தை நிராகரித்தது. இந்தியக் கம்பெனிகள் அதே மருந்தைத் தயாரிக்க வழி பிறந்தது. உலகக் கொள்முதலில் மூல நிறுவனத்தின் விலையே அந்த ஆண்டு பாதிக்கும் கீழே இறங்கியது. இப்போது பெடாகுயிலினை உள்ளடக்கிய நான்கு மருந்துச் சிகிச்சை ஆறே மாதத்தில் முடிகிறது.

நல்ல தடுப்பூசி ஏன் இன்னும் வரவில்லை?

பி.சி.ஜி. தடுப்பூசி முதன்முதலில் 1921இல் போடப்பட்டது. நூறாண்டு தாண்டியும் நம்மிடம் இருப்பது அது ஒன்றுதான். சின்னக் குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் கொடிய வகையிலிருந்து அது காக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்கிறதா? அதைப் பார்க்க 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் லட்சக்கணக்கான மக்களிடம் சோதனை நடந்தது. பதினைந்து ஆண்டு பின்தொடர்ந்தும் பெரியவர்களுக்குப் பாதுகாப்புக் கிடைத்ததாகத் தெரியவில்லை. திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமத்து மக்கள் உலகத்துக்கு அளித்த கசப்பான, ஆனால் அவசியமான பதில் அது.

இப்போது நம்பிக்கை எம்72 என்ற புதிய தடுப்பூசி மீது. 20,000 பேர் வரை பங்கேற்கும் அதன் மூன்றாம் கட்டச் சோதனை 2024 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. ஆராய்ச்சிக்கு 2027க்குள் ஆண்டுக்கு 500 கோடி டாலர் என்பது 2023 வாக்கு. 2018இல் சொன்ன 200 கோடியையே யாரும் எட்டவில்லை.

வெளிநாடு போகும்போது எக்ஸ்ரேயில் தழும்பு இருந்தால் விசா மறுக்கிறார்களே, அதற்கும் இந்த உடன்பாடுகளில் ஏதாவது இருக்கிறதா?

வளைகுடா போகிறவர்கள் கேட்கும் கேள்வி. எப்போதோ வந்து முழுக்கக் குணமான நோயின் தழும்புகூட அங்கே தகுதியின்மையாகிவிடுகிறது. தழும்பு தொற்றாது. ஐ.நா. பிரகடனங்களில் புலம்பெயர் தொழிலாளர், மனித உரிமை, களங்கம், பாகுபாடு எல்லாம் அழகாக எழுதப்பட்டிருக்கின்றன. விசா விதி அந்தந்த நாட்டின் கையில். முழுதாகக் குணமான ஒருவர் பத்தாயிரம், பதினைந்தாயிரம் செலவழித்து மருத்துவப் பரிசோதனைக்குப் போய் "அன்ஃபிட்" முத்திரையோடு திரும்பி வருகிறார். அதற்குப் பயந்து மற்றவர்கள் இருமலையே மறைக்கிறார்கள். சிகிச்சை முடித்த சான்றை பத்திரமாக வைத்திருங்கள் என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிகிறது, அது எல்லா இடத்திலும் எடுபடுவதில்லை.

எங்கள் வீட்டில் ஒருவருக்குக் காசநோய் உறுதியாகியிருக்கிறது. இதில் எங்களுக்கு என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டில் இருக்கிறீர்கள் என்று வைத்துச் சொல்கிறேன். தனியாரில் பார்த்தாலும் மருந்து அரசிடமிருந்து இலவசமாக வாங்கலாம், மருத்துவரிடம் நிக்ஷய் என்ற அரசுக் காசநோய்ப் பதிவேட்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்த எண் இருந்தால்தான் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். மூலக்கூறு சோதனை செய்தார்களா, முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி அடங்குகிறதா என்று ரிப்போர்ட்டில் பாருங்கள். மாத்திரை எண்ணிக்கை நோயாளியின் எடையை வைத்துத்தான்: 35 முதல் 49 கிலோ வரை மூன்று, 50 முதல் 64 வரை நான்கு. சிகிச்சையில் எடை ஏறி அடுத்த வரம்புக்குப் போனால் எண்ணிக்கை மாறலாம், ஒவ்வொரு மாதமும் எடை பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு வீட்டில் உள்ள மற்றவர்களின் பெயர்களை ஒரு தாளில் வயதோடு எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துப் போங்கள். ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் அந்தப் பெயரை மேலே எழுதுங்கள். செவிலியர் வரும்வரை காத்திருக்க வேண்டாம், அவருக்கு ஏற்கெனவே முந்நூறு வீடு. பரிசோதனையில் நோய் இல்லை என்று வந்தால் "தடுப்பு மாத்திரை எப்போது?" என்று நீங்களே கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் 1800 11 6666 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டு, அதே நிக்ஷய் எண்ணைச் சொன்னால் போதும்.